கோடு போடாத காலி இடம்

அந்த வரியை அவள் எழுதவில்லை.

காலை ஐந்தேகால் மணிக்குச் சமையலறை மேசையில் நீல அட்டை நோட்டைத் திறந்தவள், நேற்று நிறுத்திய இடத்திலேயே நின்றுவிட்டாள். "தையல்காரி கடைசிப் பொத்தானையும் தைத்து முடித்தாள். இடது கை மரத்துப் போயிருந்தது." இது அவள் எழுதியது. இங்கேதான் பேனாவை மூடினாள். ஆனால் அதே வரியின் மிச்ச இடத்தில் இன்னொரு வாக்கியம் உட்கார்ந்திருந்தது. "பிறகு அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்."

கையெழுத்து அவளுடையதுதான். 'ற'வுக்கு அவள் இழுக்கும் நீள வால்கூட இருந்தது. மையும் அவள் பேனாவின் மைதான். ஆனால் நாற்பது பக்கமாகத் தையல்காரியைப் பட்டினி போட்டு, வாடகை வீட்டின் மாடியில் தன்னந்தனியாக வாட்டிக்கொண்டிருக்கிற எழுத்தாளி, திடீரென்று இரக்கப்பட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுப்பாளா? அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும்தான் அவளுக்கு நினைவு திரும்பியது.

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பதினேழு வருடமாக ஒரே வேலை: மருத்துவமனைச் செலவைக் கேட்டு வருகிற கோப்புகளை வாசித்து, எங்கே பொய் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. திருத்திய தேதி, இடையில் செருகிய வரி, இரண்டு பேனாவால் எழுதிய ஒரே சீட்டு, எதுவும் அவளைத் தாண்டிப் போனதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பிறந்தநாள் வாழ்த்து அட்டை கொடுத்தால்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நன்றி சொல்வாள் என்று எதிர் மேசைக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. பின்பக்கம் பார்த்துவிட்டு முன்பக்கமும் பார்ப்பாள்.

இந்தச் சந்தேகப் பிழைப்பு போதும் என்றுதான் வேலையை விடுகிறாள். குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் சின்னப் பதிப்பகம் ஒன்றில், வருகிற கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் புது வேலை, விடியற்காலையில் நாவல், ஏழாம் வகுப்பில் ஒரு மகள், எந்நேரமும் எங்காவது ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் கணவர். இத்தனையையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறோம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இவற்றுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள், பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது இடது கையின் இரண்டு விரல்கள் மரத்துப் போயின. பக்கத்தில் நின்றவர் மணி கேட்டார். மணி தெரிந்தது, வாயில் சொல் வரவில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் போகாமல், நாலு பேருந்து நிறுத்தம் தள்ளி ஒரு மருத்துவரிடம் போனாள். அவர் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்து, "இந்த வாரத்துக்குள்ள எடுத்துருங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். சீட்டை நாலாக மடித்து நீல நோட்டின் அட்டைக்குள் செருகிவைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு முறை விரல் மரத்தது.

ஏன் எடுக்கவில்லை? அங்கேதான் பதினேழு வருட அனுபவம் வேலை செய்தது. வேலையை விட்டால் பழைய காப்பீடு போய்விடும். புது இடத்துக் காப்பீடு, சேருவதற்கு முன்பே இருந்த நோய்க்கு மூன்று வருடம் கைகொடுக்காது. ஸ்கேன் எடுத்தால் அது காகிதமாகிவிடும். காகிதமானால் தேதி இருக்கும். தேதி இருந்தால் அவளைப் போல ஒருத்தி எங்காவது உட்கார்ந்து கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே புது வேலையில் சேர்ந்து, ஒரு மாதம் போகட்டும் என்று விட்டுவிட்டு, அன்றைக்குத்தான் முதல்முறை விரல் மரத்ததுபோல டாக்டரிடம் போக வேண்டும். இதைத்தான் ஊரில் எல்லாரும் செய்கிறார்கள். அவள் பிடித்ததெல்லாம் இவர்களைத்தான்.

மரத்த விரலைச் சும்மா விட மனம் வராமல் தையல்காரிக்குக் கொடுத்திருந்தாள். நாவலில் தையல்காரிக்கும் ஊசி நழுவும், சொல் மறக்கும், அவளும் யாரிடமும் சொல்லமாட்டாள். அவளுக்குச் சொல்ல ஆளும் கிடையாது. கணவன், குழந்தை என்று வைத்தால் ஆளாளுக்குச் சாப்பாடு கேட்பார்கள், கதை நகராது என்று பூதக்கண்ணாடி அவளைத் தனியாகவே விட்டிருந்தாள்.

இப்போது அந்தத் தண்ணீர் வாக்கியத்தை மறுபடி படித்தாள். நானே எழுதிவிட்டு மறந்துவிட்டேனா? இன்றைக்கு ஒரு வாக்கியம் மறந்தால், நாளைக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறப்பேனா?

அன்று அலுவலகத்தில் அவள் மேசைக்கு வந்த முதல் கோப்பு, முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு லாரி ஓட்டுநருடையது. 'தொந்தரவு எப்போது தொடங்கியது' என்ற கட்டத்தில் 'இரண்டு நாள் முன்பு' என்று எழுதியிருந்தார். அந்தக் கட்டத்தில் எல்லாரும் இரண்டு நாள் என்றுதான் எழுதுவார்கள்.

"ரெண்டு நாள் வலிக்கு யாராவது முதுகைக் கிழிக்கக் குடுப்பாங்களா மேடம்?" என்று எதிர் மேசைக்காரர் சிரித்தார். "நம்ம காதுல பூ சுத்துறாரு."

வழக்கமாக அவளும் சிரிப்பாள். இன்று சிவப்பு மையில் 'சந்தேகத்துக்குரியது' என்று எழுதும்போது தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டதுபோல் இருந்தது. ஆனாலும் எழுதினாள். பழக்கம்.

மறுநாள் விடியலில் எழுதி முடித்ததும், அந்தப் பக்கத்தில் எத்தனை வாக்கியம் என்று எண்ணி, ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பத்தொன்பது. அடுத்த நாள் காலை எண்ணினாள். இருபது. "அன்று அவள் தைக்கவில்லை. தூங்கினாள்" என்று இருந்த இடத்தில், அவள் எழுதியது முதல் பாதி மட்டும்தான். 'தூங்கினாள்' யாருடையதோ.

தூக்கத்தில் எழுந்து வந்து எழுதுகிறோமோ என்ற பயம் ஒரு பக்கம் இருந்தாலும், வீட்டில் இன்னொரு பெரிய ஆள் இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. கணவர் சமீபகாலமாகச் சரியில்லை. தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர் அவள் வந்தால் "சரி சரி, அப்புறம்" என்று வைத்துவிடுகிறார். முந்தாநாள் சாப்பிடும்போது, கேட்காமலேயே "தண்ணி குடி" என்று டம்ளரை நகர்த்தி வைத்தார். தண்ணீர்! பூதக்கண்ணாடிக்கு மூக்கில் வியர்த்தது.

"யாருகிட்டங்க பேசினீங்க?" என்று அன்று மாலை சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"லிஃப்ட் ஆபீஸ்ல."

"இப்பவா? ஆபீஸ் அஞ்சு மணிக்கே மூடிருவாங்களே?"

"லிஃப்ட் அஞ்சு மணிக்கு மேலயும் நிக்கும்ல?" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடினார். செருப்பு காலிலேயே இருந்தது. இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிறவரைப் பதினைந்து வருடம் நம்பியிருக்கிறோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவருடைய பையிலிருந்து பராமரிப்புச் சீட்டுகளை எடுத்து அவர் கையெழுத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தும் வலது பக்கம் சாய்ந்து, மூச்சுப் பிடிக்காமல், தாளைத் தொட்டும் தொடாமலும் ஓடியிருந்தது. நோட்டில் இருந்தது இந்தக் கை இல்லை. ஆனாலும் அவரை அவள் முழுதாக விடுவிக்கவில்லை. உடந்தையாக இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது வாக்கியம் வந்தது. தையல்காரி வாடிக்கையாளரின் ரவிக்கையைத் தப்பாக வெட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது. அதன் கீழே: "மறுநாள் அவள் டாக்டரிடம் போனாள்."

இந்த முறை அவள் பயப்படவில்லை. கோபம் வந்தது, கோபம் வந்ததும் தொழில் வந்தது. கோப்புகளில் செருகல் இருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி உண்டு. கண்ணால் பார்க்கக் கூடாது. தாளைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கம் விரலை ஓட்ட வேண்டும். ஒருவர் மையைக் காப்பியடிக்கலாம், எழுத்தின் வாலைக் காப்பியடிக்கலாம், கை அழுத்தத்தைக் காப்பியடிக்க முடியாது.

அவளுடைய வரிகள் பின்பக்கம் வழவழவென்று இருந்தன. கடைசி வரி வந்ததும் விரல் தடுக்கியது. ஒவ்வொரு எழுத்தும் தாளை முட்டிக்கொண்டு மேடாக நின்றது. பேனாவை ஆணிபோலப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிற கை. அந்தக் கைக்கு எழுத்துப் பழக்கியது அவள்தான். "இவ்வளவு அழுத்தாத குட்டி, பேப்பருக்கு வலிக்கும்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்!

சந்தேகம் தீர, மகளுடைய அறிவியல் நோட்டை எடுத்துப் பின்பக்கம் தடவினாள். அதே மேடு.

உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சென்ற விடுமுறையில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மகளை ஒருநாள் அலுவலகத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மகள், "ஏம்மா எல்லாப் பேப்பர்லயும் கீழ குறுக்குக் கோடு போடுற?" என்று கேட்டாள். எழுத்து முடிந்த இடத்திலிருந்து தாளின் அடிவரை சாய்வாகக் கோடு இழுப்பது அந்தப் பிரிவின் வழக்கம். "காலி இடம் விட்டா யாராவது எதையாவது எழுதிச் சேர்த்துருவாங்க. அப்புறம் நாம எழுதினதா அவங்க எழுதினதான்னு சண்டை" என்று அம்மா பாடம் எடுத்தாள். எந்தக் கோப்பிலும் ஒரு விரற்கடை இடம் விடாதவள், தன் நோட்டில் ஒவ்வொரு பத்தி முடிவிலும் தாராளமாக இடம் விட்டிருந்தாள். குட்டி பாடத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

எதற்காக என்பதுதான் தெரியவில்லை. அம்மாவின் கதையில் விளையாடுகிறாளா? இல்லை, அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டாளா? நேரே கேட்டிருக்கலாம். வேறு எந்த அம்மாவும் கேட்டிருப்பாள். பூதக்கண்ணாடி கேட்கவில்லை, பொறி வைத்தாள்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். "தையல்காரி வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் புறப்பட்டாள். கை மரத்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு யாரும் இல்லை. ரயில் கிளம்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது." அதன் கீழே வேண்டுமென்றே அரைப்பக்கம் விட்டாள். நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டு, காய் வாங்கப் போவதாகச் சொல்லித் தெருமுனைவரை போய், ஒரு கடையின் எதிரில் முக்கால் மணி நேரம் நின்றாள். பெற்ற பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடிக்க இப்படி ஒளிந்து நிற்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே நின்றாள்.

திரும்பி வந்தபோது படிக்கட்டில் கணவர் ஒரு பெரிய நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு ஏறிக்கொண்டிருந்தார். சக்கரம் வைத்த, முதுகுக்கு மெத்தை வைத்த நாற்காலி.

"பாத்துட்டியா! நீ வர்றதுக்குள்ள மேல கொண்டுபோய் வச்சிரலாம்னு பாத்தேன்" என்றார் நாற்காலிக்குள்ளிருந்து. "ஒரு ஆபீஸை காலி பண்றாங்க. ஒரு வாரமா போன்ல கெஞ்சி வாங்கினேன். சமையல் மேசையில முதுகு வளைஞ்சு உக்காந்து எழுதுறியே, எழுத்தாளர் அம்மா."

அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உடந்தை என்று இத்தனை நாள் அவரை வேவு பார்த்திருக்கிறாள். "மெதுவா வாங்க, சுவத்துல இடிக்கப்போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் ஓடினாள்.

நோட்டு வைத்த இடத்தில் இருந்தது. திறந்தாள்.

அவள் விட்ட அரைப்பக்கத்தின் தொடக்கத்தில் இரண்டு வாக்கியங்கள். இந்த முறை அவள் கையெழுத்தைக் காப்பியடிக்கவில்லை. நேராக, குண்டு குண்டாக, மகளின் சொந்தக் கையெழுத்து.

"அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். மகளுக்கு எல்லாம் தெரியும்."

அதற்குக் கீழே, அட்டைக்குள் ஒளித்துவைத்த ஸ்கேன் சீட்டு, மடிப்புப் பிரித்து நீவி, குண்டூசியால் தாளோடு குத்தப்பட்டிருந்தது. அதன் மூலையில், அலுவலகத்தில் பார்த்ததுபோலவே, 'இணைப்பு 1' என்று எழுதியிருந்தது.

பூதக்கண்ணாடி நின்றபடியே அழுதாள். எத்தனையோ கோப்புகளில் குட்டு வெளிப்பட்டவர்கள் அவள் மேசைக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள். நடிப்பு என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

மகள் அறைக் கதவின் பின்னால் நின்றிருந்தாள். கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"குட்டி, இங்க வா."

கால் விரல்கள் நகரவில்லை. "திட்டுவியா?"

"திட்டமாட்டேன். எப்போ பாத்த?"

"ரெண்டு மாசம் ஆச்சு." வெளியே வந்தாள். அழாமல் இருப்பதற்காக முகத்தைக் கோபமாக வைத்திருந்தாள். "ஒரு நாள் என்னைக் கூப்பிட வந்து, என் பேரு வராம வாயை வாயைத் திறந்தியே. அதுக்கப்புறம்தான் தேடினேன். சீட்டுல தேதி போட்டிருக்கு. 'ஒரு வாரத்துக்குள்ள'ன்னும் போட்டிருக்கு."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே! ரெண்டு தடவை கேட்டேன். 'ஒண்ணுமில்ல, போய்ப் படி'ன்ன. நீ சொல்ற பொய்யைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும், உன்னை ஒத்துக்க வைக்கத்தான் தெரியல." குரல் உடைந்தது. "கதையில எழுதினா படிப்பேல்ல? உன் கதையை நீ திரும்பத் திரும்பப் படிப்பியே. அவ டாக்டர்கிட்ட போனா நீயும் போவேன்னு நினைச்சேன். நீ அவளை ரயில்ல ஏத்திவிட்டுட்ட. அவளுக்கு யாருமே இல்லன்னு எழுதுற."

கணவர் நாற்காலியோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, வந்து சீட்டைப் படித்தார். தேதியைப் படித்தார். அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"பெரிய தெரு ஸ்கேன் சென்டர் ரெண்டு மணி வரைக்கும் இருக்கும். கிளம்பு."

"அடுத்த மாசம் போகலாங்க. இப்போ எடுத்தா புது வேலையில..."

"அடுத்த மாசம் நீ என் பேரையும் மறந்துட்டா?" என்றார். சிரிக்க முயன்று முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்கேன் சென்டர் மூன்றாவது மாடியில். லிஃப்ட் பாதியில் நின்று கிடந்தது. "நீங்க ஏறுங்க, ஒரு நிமிஷம்" என்று சொன்னவர், காவலாளியிடம் ஸ்குரூடிரைவர் கேட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். கைக்கு ஒரு வேலை இல்லாமல் அந்த நேரத்தை அவரால் கடத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, முகவரி. அதற்கடுத்த கட்டத்தை அவள் பதினேழு வருடமாகப் பார்த்துவருகிறாள். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. 'தொந்தரவு எப்போது தொடங்கியது?'

பேனா அதன்மேல் நின்றது. உண்மையை எழுதினால் அது காகிதம். அந்தக் காகிதம் எங்கெங்கே போகும், யார் மேசையில் விழும், அங்கே சிவப்பு மையில் என்ன எழுதுவார்கள், எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது. தலைக்குள் பெரிதாக ஏதாவது இருந்துவிட்டால், புது வேலையின் காப்பீடு ஒரு துரும்பையும் தூக்கிப் போடாது. 'இரண்டு நாள்' என்று எழுதினால் போதும். சின்னச் சொல். லாரி ஓட்டுநரும் இப்படித்தான் ஒரு நாற்காலியில், பக்கத்தில் யாரையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மனிதரைப் பற்றி இப்படி அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

மகள் எட்டிப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

பூதக்கண்ணாடி பேருந்து நிறுத்தத்தில் நின்ற அந்த நாளின் தேதியை எழுதினாள். இரண்டாவது முறை, மூன்றாவது முறை, மகளின் பெயர் வராத நாள், எல்லாவற்றையும் எழுதினாள். எழுதி முடித்ததும், கட்டத்தில் மிஞ்சிய காலி இடத்தில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு இழுத்தாள். மகள் இப்போதுதான் மூச்சை விட்டாள்.

கடைசியில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. 'உடன் வந்திருப்பவர்.' அவள் பேனாவை மகளிடம் நீட்டினாள்.

"நீயே எழுது. உன் கையெழுத்துலயே எழுது."

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு, பேனாவை ஆணிபோலப் பிடித்து, 'மகள்' என்று எழுதினாள். உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது, படிவத்தைக் கொடுப்பதற்கு முன், பூதக்கண்ணாடி அதன் பின்பக்கத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். மூன்று எழுத்தும் மேடாக இருந்தன.